சத்து மாத்திரைகள்: யாருக்குத் தேவை, யாருக்கு வீண்?

துலாக்கோல் எழுதியது:

"சத்து மாத்திரை எடுக்கலாமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தச் சத்து, எந்தக் குறைக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அந்த மாத்திரைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எதற்கும் பதில் இல்லாமல் "பொதுவான தெம்புக்கு" என்று விழுங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

காசு வீணாவது மட்டும் இதில் பிரச்சினை இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஏ.டி.பி.சி. ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினை தினம் 20 மி.கி. எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியிருந்தது. இதே எதிர்பார்ப்போடு அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் 28 சதவீதம் கூடியதால், 1996-இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ விஷயமும் அப்படித்தான். தினம் 400 அலகு (லேபிளில் ஐ.யூ.) எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று செலக்ட் ஆய்வு 2011-இல் காட்டியது. காய்கறியில் இருக்கும்போது நல்லது செய்யும் பொருள், தனியாகப் பிரித்துப் பெரிய அளவில் கொடுத்தாலும் அதையே செய்யும் என்ற நம்பிக்கை இந்த மூன்று ஆய்வுகளிலும் உடைந்தது.

வைட்டமின் டி-யில் கேடு வரவில்லை, ஆனால் பலனும் வரவில்லை. வைட்டல் ஆய்வில் 25,871 பேர். தினம் 2,000 அலகு, ஐந்து ஆண்டுக்கு மேல். புற்றுநோய் வருவதோ மாரடைப்போ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் தனியாக வெளியிட்டார்கள்.

ஊட்டக்கணக்கு எழுதியது:

வைட்டல் ஆய்வை எல்லோரும் இப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், அதில் சேர்ந்தவர்கள் யார் என்பதை விட்டுவிட்டு. அவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி ஆரம்பத்திலேயே சராசரியாக மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் இருந்தது. அதாவது பெரும்பாலோருக்குக் குறையே இல்லை. குறையில்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பலனில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. 8 நானோகிராமில் இருப்பவரை அதை வைத்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிட முடியாது. அளவு அவ்வளவு கீழே போனால் எலும்பு மென்மையாகி வலிக்கும், தொடைத் தசை பலவீனமாகும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே சிரமப்படுவார்கள். அவர்களுக்கு மாத்திரை கட்டாயம் வேண்டும்.

"முதலில் சோதனை, பிறகு மாத்திரை" என்று பலர் சொல்லும் விதியும் எல்லா இடத்திலும் செல்லாது. சோதனைக்குக் காத்திருக்கக் கூடாத இடங்கள் உண்டு. முதலாவது ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். பலருக்கும் கர்ப்பம் என்றே அதற்குப் பிறகுதான் தெரியவரும். எனவே கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்திலேயே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி, 12 வாரம் வரை எடுக்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தால் அளவு 4 மி.கி., அதாவது பத்து மடங்கு. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அந்த அளவில் ஆபத்து 72 சதவீதம் குறைந்ததை 1991-இல் பிரிட்டனின் எம்.ஆர்.சி. ஆய்வு காட்டியது. சத்து மாத்திரைகளிலேயே இவ்வளவு உறுதியான ஆதாரம் உள்ளது வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பாலும் முட்டையும்கூடத் தவிர்ப்பவர்களுக்கு பி12. ஈரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருக்கும். அதனால் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். தெரியும்போது சில நேரம் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு தினம் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து.

மருந்துச்சீட்டு எழுதியது:

பி12 பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது: ஒரு நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான் என்றால் மாத்திரையில் ஏன் 1,000? வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பிடித்துக் குடலுக்குள் அனுப்புகிறது. அந்த வழியில் ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்தான் போகும். மீதியில் சுமார் 1 சதவீதம் அந்தப் புரதத்தின் துணை இல்லாமலே குடல் சுவர் வழியாக ஊறிச் செல்லும். ஆயிரத்தில் 1 சதவீதம் என்றால் 10 மைக்ரோகிராம். அந்தப் புரதம் சுரக்காத நோயாளிக்கும் அது போதும். கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது வரை வந்துவிட்டால் மாத்திரையில் காலம் கடத்தாமல் ஊசியில் தொடங்குவார்கள்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்காக எடுப்பவர்களும், அமிலம் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுப்பவர்களும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு எச்சரிக்கை: பி12 குறை இருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் பெரிய அளவில் எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் மட்டும் தொடரும். ரத்த அறிக்கை நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது முதுகுத்தண்டு கெட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து இரும்பு. அதிகம் பேர் தவறாகச் சாப்பிடுவது இதைத்தான். டப்பாவில் "ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி." என்றிருந்தால் அதில் உண்மையான இரும்பு 65 மி.கி. ஃபியூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, குளுக்கோனேட்டில் 12 சதவீதம்தான். எந்த உப்பு என்று பார்க்காமல் மில்லிகிராமை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

60 மி.கி.க்கு மேல் ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது குடலின் வாசலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சாத்தி வைக்கும். அதனால் காலையும் மாலையும் போட்டாலும் இரண்டாவது மாத்திரையில் பெரும்பகுதி வீண். மலச்சிக்கலும் குமட்டலும்தான் மிச்சம். இரும்புக் குறை உள்ள பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உறிஞ்சப்படுவதைக் காட்டியது. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவருக்கு மருத்துவர் தினமும் எழுதினால் அதையே பின்பற்றுங்கள்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. குமட்டினால் கொஞ்சம் உணவோடு எடுக்கலாம், உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்திவிடுவதைவிட அது மேல். "வயிற்றைப் புண்ணாக்காது" என்று மேல்பூச்சு போட்டு விற்கும் மாத்திரைகள் இரும்பை உறிஞ்சும் முதல் குடல் பகுதியைத் தாண்டிப் போய்த்தான் கரைகின்றன, அதனால்தான் அவை வயிற்றுக்கு இதமாக இருக்கின்றன. மலம் கறுப்பாவது இயல்பு. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த டப்பாவைப் பூட்டி வையுங்கள். இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

துலாக்கோல் எழுதியது:

வைட்டமின் சி-யோடு சேர்த்துத்தானே இரும்பு போட வேண்டும் என்பார்கள்?

மருந்துச்சீட்டு எழுதியது:

உணவிலுள்ள இரும்புக்கு அது உதவுகிறது. மாத்திரை விஷயத்தில் 440 பேரிடம் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏற்றத்தில் வித்தியாசம் இல்லை. அதற்கென்று தனி மாத்திரை வாங்க வேண்டாம்.

ஆய்வுமேசை எழுதியது:

சோதனை முடிவுகளைப் படிப்பதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். இரும்புக்கு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் சரியான சோதனை, ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது தானாகவே ஏறும். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே குறை என்கிறது. தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70 வரை குறையாகக் கொள்ளச் சொல்கிறது. மூட்டுவாதம் உள்ளவருக்கு 50 வந்து, "நார்மல்" என்று அச்சாகியிருந்தால் அதை அப்படியே நம்பக்கூடாது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் இன்னும் மோசமான சிக்கலைத் தரும். ஒரு நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கிறது. பல சோதனைக் கருவிகள் வேதிப்பொருளைப் பிடித்துவைக்க பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்துகொண்டிருந்தால் கருவி ஏமாந்துவிடும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் பொய்யாகக் கூடியும் வரும். தைராய்டு மிகையாகச் சுரப்பது போலவே அறிக்கை இருக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதற்கு எச்சரிக்கை விட்டது, அப்படி ஒரு மரணம் நேர்ந்த பிறகு. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள். பயோட்டின் குறையே மிக அரிது. குறையில்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. முடி கொட்டினால் ஃபெரிட்டினையும் தைராய்டையும் பாருங்கள்.

பளுக்கம்பி எழுதியது:

உடற்பயிற்சி பண்றவங்க பக்கத்தையும் சொல்லணும். இந்தத் துறையில விக்கிற பொடிகள்ல முக்கால்வாசி குப்பைதான், ஒத்துக்கறேன். ஆனா தசைக்கு உடனடி சக்தி தர்ற கிரியேட்டின் மோனோஹைட்ரேட் அந்தக் கூட்டத்துல சேராது. தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமா இருந்தாலும் சரி, தண்ணில கலந்து குடிச்சா போதும். முதல் வாரம் தினம் 20 கிராம்னு பிரிச்சுப் போட்டு ஏத்தினா தசை சீக்கிரம் நிரம்பும், ஏத்தலைன்னா மூணு நாலு வாரத்துல அதே இடத்துக்கு வரும். ஒரே நேரத்துல 10 கிராமுக்கு மேல போட்டா வயிறு கலங்கும். எடை ஒண்ணு ரெண்டு கிலோ கூடும், தசைக்குள்ள போற தண்ணி அது. ஹைட்ரோகுளோரைடு, பஃபர்டு அப்படின்னு பல பேர்ல வர்றது எதுவும் மோனோஹைட்ரேட்டைவிட மேல்னு நிரூபணம் ஆகலை.

புரதப் பொடி மருந்து இல்லை, சாப்பாடு. பளு தூக்குறவங்களுக்கு உடல் எடையில கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரியுது, அதுக்கு மேல தசை கூடுறதா தெரியலை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். அது சாப்பாட்டுலயே வந்துட்டா பொடியே வேண்டாம். 80 தான் வருதுன்னா மீதி 32-க்கு ஒரு கரண்டி பொடியும் கொஞ்சம் பாலும் போதும். டப்பாவைத் திருப்பிப் பாருங்க: 30 கிராம் கரண்டிக்கு 24 கிராம் புரதம்னா நல்ல பொடி. 50 கிராமுக்கு 15-ன்னா நீங்க வாங்குறது சர்க்கரை. கரண்டியை நம்பாம ஒரு தடவையாவது தராசுல நிறுத்துப் பாருங்க.

ஆய்வுமேசை எழுதியது:

பளுக்கம்பி சொன்னதோடு சேர்க்க இரண்டு. கிரியேட்டின் எடுப்பவருக்கு, சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று ஏறிக் காட்டும், ஏனென்றால் கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் கெட்டதாக அர்த்தமில்லை. சந்தேகமிருந்தால் சிறுநீரகத்துக்கான இன்னொரு சோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புரதப் பொடியில் நடக்கும் மோசடி ஒன்று. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கிளைசின், டாரின் போன்ற விலை குறைந்த பொருள்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், லேபிளில் புரதம் கூடும், தசைக்கு ஒன்றும் போகாது. 2008-இல் சீனாவில் குழந்தைப் பாலில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக எழுதியிருந்தால், அமினோ அமிலம் ஒவ்வொன்றின் அளவையும் தராத பொடியாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஊட்டக்கணக்கு எழுதியது:

லேபிள் என்று வந்துவிட்டதால் மீன் எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் "1,000 மி.கி." என்பது எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும், வழக்கமான மாத்திரையில் அவை 180-ம் 120-ம், மொத்தம் 300 மி.கி.தான். ஒன்றை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி, பழைய பெயின்ட் போலக் காறினால் எண்ணெய் கெட்டுவிட்டது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்க மருத்துவர் தரும் 4 கிராம் அளவு வேறு விஷயம். அந்த உயர் அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் கூடுகிறது, எனவே தானாக ஏற்றிக்கொள்ளக் கூடாது.

மெக்னீசியத்தில் வேறு விதமான ஏமாற்று. ஆக்சைடு உப்பில் 60 சதவீதம் மெக்னீசியம், எண் பெரிதாக அச்சாகும், ஆனால் கரைவது குறைவு. மீதி குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டம் கொடுக்கும். சிட்ரேட் இதைவிட நன்றாக உறிஞ்சப்படுகிறது. மாத்திரை வழியாக தினம் 350 மி.கி. என்பதுதான் அமெரிக்காவில் வைத்த மேல்வரம்பு.

கால்சியம் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். கார்பனேட் வகை உணவோடு, ஏனென்றால் அதைக் கரைக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட். உணவிலேயே போதிய கால்சியம் வருபவர் மேலும் எடுத்தால் சிறுநீரகக் கல்லுக்கு வழி செய்கிறார்.

துலாக்கோல் எழுதியது:

வைட்டமின் டி பற்றி ஊட்டக்கணக்கு சொன்னதற்கு வருகிறேன். கடும் குறைக்கு மாத்திரை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிகுறியே இல்லாத எல்லோரையும் சோதித்து, 28 வந்தவருக்கும் வாரமொரு பெரிய மாத்திரை தருவது தேவையற்றது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாகச் சோதனை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், 18 வயது வரையுள்ள பிள்ளைகள் போன்றோருக்குச் சோதனை இல்லாமலே மிதமான அளவில் தரலாம் என்கிறது.

அளவில்தான் விபரீதம் நடக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதிய 50,000, 60,000 அலகு மாத்திரையை தினமும் போடுவது, எட்டு வாரம் என்றதை ஓர் ஆண்டு இழுப்பது. இந்த வைட்டமின் கொழுப்பில் தேங்கும், நிறுத்தினாலும் இறங்க வாரக்கணக்காகும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகச் சேதம். ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வில், முதிய பெண்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. சாதாரணத் தேவை 600 முதல் 800 அலகு, தானாக எடுப்பவருக்கு மேல்வரம்பு 4,000.

ஊட்டக்கணக்கு எழுதியது:

அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெயிலே படாமல் வேலை செய்பவர், உடல் முழுக்க மூடி உடுத்துபவர், குளிர் நாட்டில் வாழும் கருத்த தோலுள்ளவர்: இவர்களில் ஒருவருக்குத் தசைவலி என்றால் சோதிக்கத்தான் வேண்டும். "ஆரோக்கியமான பெரியவர்" என்ற சொல்லுக்குள் இவர்களையும் அடைத்துவிடாதீர்கள். மாத்திரை எடுக்கும்போது கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்தோடு மோதும் விஷயத்தை யாரும் தொடவில்லை. தைராக்சின் மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தைராக்சின் குடலிலேயே கட்டுண்டுவிடும், டி.எஸ்.ஹெச். ஏறுகிறதே என்று மருந்தின் அளவைத் தேவையில்லாமல் கூட்டுவார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ அதை எடுங்கள், அல்லது அந்தச் சில நாட்கள் சத்து மாத்திரையை நிறுத்திவையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் கே உள்ள எதையும் திடீரென்று தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் போன்றவற்றையோ ஸ்பைரனோலாக்டோனையோ எடுப்பவர் பொட்டாசியம் கலந்த எதையும் கேட்காமல் எடுத்தால் இதயம் நிற்கும் அளவுக்குப் போகலாம்.

"மூலிகைதானே" என்ற அலட்சியம் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரையையும், மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரினையும் ஈரல் வேகமாக அழிக்கும்படி செய்கிறது. மிளகுச் சாறோடு செறிவாக்கிய மஞ்சள் மாத்திரை, பச்சைத் தேயிலைச் சாறு, அஸ்வகந்தா மூன்றிலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இங்கே பேசுவது செறிவாக்கிய சாற்றைப் பற்றி, சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி அல்ல. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்தி, டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

பளுக்கம்பி எழுதியது:

அப்போ தினம் ஒரு மல்டிவைட்டமின்? அதுல எல்லாமே சின்ன அளவுதானே, என்ன கெடுதல்?

துலாக்கோல் எழுதியது:

நூறு சதவீதத் தேவைக்குள் இருக்கும் மாத்திரையால் பெரிய கெடுதல் இல்லை. பலன் பற்றி, அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் "முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை" என்றது. அதே அறிக்கையில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொன்னது. பசியில்லாத முதியவர், குடல் அறுவை செய்தவர், கடுமையாக உணவைக் குறைத்தவர் எடுக்கட்டும். உடல் எடை குறைக்க வயிற்று அறுவை செய்தவருக்கு அது வாழ்நாள் கட்டாயம்.

ஆய்வுமேசை எழுதியது:

கெடுதல் ஒரு மாத்திரையால் வருவதில்லை, நான்கைச் சேர்க்கும்போது வருகிறது. மல்டிவைட்டமின், நரம்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு மெக்னீசியக் கலவை, ஒரு சத்துப்பொடி. நான்கிலும் பி6 இருக்கலாம். கைகால் மரத்துப்போகிறது என்று நரம்பு மாத்திரை எடுப்பவருக்கு, அதிலுள்ள பி6 தானே மரத்துப்போகக் காரணமாகிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் மேல்வரம்பை 25-இலிருந்து 12 மி.கி.க்கு இறக்கியது. துத்தநாகமும் அப்படித்தான்: தினம் 40 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் தாமிரம் உள்ளே சேராது, இரும்பு கொடுத்தும் தீராத ரத்தசோகையும் நடைத் தள்ளாட்டமும் வரும்.

லேபிளில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவில் தூக்கத்துக்காக எடுக்கும் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். 22-இல் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் எழுதியதில் 74 முதல் 347 சதவீதம் வரை. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். முத்திரை இருந்தால் அளவும் தூய்மையும் வெளியாரால் சோதிக்கப்பட்டதாகப் பொருள். போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுபவர் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை பார்க்க வேண்டும். "தனியுரிமைக் கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் மேசையில் வைத்து, வைட்டமின் ஏ, டி, பி6, துத்தநாகம், இரும்பு ஐந்துக்கும் ஒரு தாளில் தினசரி மொத்தம் கூட்டுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஏ-யை முதலில் பாருங்கள். ரெட்டினால் வடிவில் தினம் 10,000 அலகைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. மல்டிவைட்டமினோடு மீன் ஈரல் எண்ணெயும் சேர்ந்தால் அந்த எல்லை வெகு தூரத்தில் இல்லை.